பாட்டு கொடுத்த அப்பத்தா பேரையும் போடுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

நாங்க ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர் சேர்ந்து மேலூர் பக்கம் ஒரு நாட்டுப்புற பேண்ட் நடத்துறோம், பறை, தவில், ஒரு கிட்டார். நடவுப்பாட்டு, தாலாட்டு, கும்மியோட நாங்களே எழுதுன பாட்டையும் சேர்த்துப் பாடுறோம். 2018ல சென்னையில தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கிற பேண்ட் கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில ஏத்துனதப் பார்த்துதான் எங்களுக்கும் தைரியம் வந்துச்சு.

முதல் பாட்டு கொடுத்தது எங்க தெரு அப்பத்தா ஒருத்தங்க, பெரியாறு கால்வாய்ல தண்ணி வந்தா நடவுக்குப் போனவங்க. அத போன்ல ரெக்கார்ட் பண்ணி கிட்டார்ல வாசிச்சா தாளத்துல உக்காரவே மாட்டேங்குது, ஒரு வரி நீளுது ஒரு வரி சுருங்குது, வயசாயிருச்சு தாளம் தப்புதுன்னு நெனச்சோம். போய்க் கேட்டா அப்பத்தா எந்திரிச்சு குனிஞ்சு நாத்து பிடிக்கிற மாதிரி கைய வச்சுக்கிட்டு பாடிக் காட்டுறாங்க, பின்னால எட்டு வைக்கிற வரைக்கும் இழுப்பு, நாத்த ஊனுறப்பதான் சொல்லு விழுது. தப்பு எங்க மேலதான். இப்ப அந்தப் பாட்டுக்குப் பறை மட்டும் அவங்க நடைக்குப் பின்னாலயே போகும், குலவை முடிஞ்சப்புறம்தான் கிட்டார்.

போன மாசம் ஒரு திருவிழா நோட்டீஸ்ல எங்க அஞ்சு பேர் பேரும் போட்டோவோட வந்துச்சு. அப்பத்தா பேரச் சேர்க்கச் சொல்லி நோட்டீஸ் அடிச்சவங்ககிட்ட முன்னாடியே கேட்டிருந்தேன், 'நாட்டுப்புறப் பாட்டுதானப்பா, அதுக்கெதுக்கு பேரு'ன்னுட்டாங்க. அப்பத்தா நோட்டீஸ பேத்திகிட்ட கொடுத்துப் படிக்கச் சொல்லி முழுசும் கேட்டாங்க, ஒண்ணும் சொல்லல, மடிச்சு சுருக்குப்பையில வச்சுக்கிட்டாங்க. எனக்கு அன்னைக்கு மேடையில தொண்டையே திறக்கல சார்.

விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் ஊர் ஊராப் போய் பாட்டு சேகரிச்சாங்க, 2018ல அம்மாவுக்கு பத்மஸ்ரீ கிடைச்சப்ப எங்களுக்கெல்லாம் அவ்ளோ சந்தோஷம். அந்த மாதிரி பாட்டு ஒவ்வொண்ணுக்கும் பின்னால வயல்ல நின்னு பாடுன ஒருத்தங்க இருக்காங்கல்ல, இப்ப மிஷின் நடவு வந்து அவங்களுக்குப் பாட வயலும் இல்ல.

அதனால உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், எங்கள மாதிரி பேண்ட் பத்தி எழுதுறப்ப இந்தப் பாட்ட யார்கிட்ட வாங்குனீங்கன்னு கேட்டு அவங்க பேரையும் ஊரையும் போடுங்க. மத்த பேண்ட் தம்பிங்களும் மைக்கப் பிடிச்சதும் அதச் சொல்லிட்டுப் பாடுங்கப்பா. அடுத்த நிகழ்ச்சிக்கு நோட்டீஸ் நாங்களே அடிக்கிறோம், எங்க பேருக்கு மேல அப்பத்தா பேரு இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், மேலூர்