அந்த 'ஒரு பெக்' பதில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூக்கம் வரவில்லை என்று கேட்ட வாசகருக்கு, 'ராத்திரி ஒரு பெக் எடுத்தால் தப்பில்லை, நன்றாகத் தூக்கம் வரும்' என்று சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் பதில் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அதை முதலில் படித்தவர் என் கணவர். "பாரு, டாக்டரே சொல்லியிருக்காரு" என்று என்னிடம் நீட்டினார்.

அவர் குடித்துவிட்டுப் படுக்கிற இரவுகளில் நான் தூங்குவதில்லை. உச்சத்தில் இருக்கிற குறட்டை சட்டென்று நிற்கும். வயிறு மட்டும் ஏறி இறங்கும். மூக்கருகே விரல் வைத்தால் காற்று இருக்காது. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்து எண்ணுவேன். ஒருநாள் 38 வரை எண்ணினேன். அப்புறம் முழுகி எழுந்தவர் மாதிரி ஒரு இழுப்பு, மறுபடி குறட்டை. காலையில் தலைவலியோடு உட்கார்ந்து, "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார்.

தூக்கப் பரிசோதனை செய்தோம். மூச்சு தடைபடுவது மணிக்கு 5 தடவையைத் தொட்டாலே கோளாறு, 30 என்றால் தீவிரம். அவருக்கு 34, அதுவும் குடிக்காத இரவில். மது தொண்டைத் தசையைத் தளர்த்திவிடுமாம், நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்குமாம். மூச்சு முட்டினால் மூளை எழுப்பிவிட வேண்டும். போதையில் அதுவும் தாமதமாகும். கடன் வாங்கி, தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சு வழியைத் திறந்து வைக்கிற மெஷின் வாங்கினோம். குடித்த இரவில் முகமூடியைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார். இதற்கு முன் பார்த்த டாக்டர் ஒருவர், குடிப்பீர்களா என்றுகூடக் கேட்காமல் தூக்க மாத்திரை எழுதித் தந்தார். மதுவும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம் என்று பிறகுதான் தெரிந்தது. கடை 10 மணிக்கு மூடுகிறதே என்று அவசரமாக வாங்கிக் குடித்து, அப்படியே படுப்பவர்கள் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர்!

தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் குறட்டை விடும் கணவன், காதில் தலையணை வைத்த மனைவி, இந்த ஜோக் இல்லாத தீபாவளி மலரை நீங்கள் போட்டதே இல்லை. 2 வருடம் முன்பு அதைப் பற்றி மரியாதையாகத்தான் எழுதினேன். பிரசுரிக்கவில்லை, சரி. இரண்டு வரி பதிலாவது போட்டிருக்கலாம்.

இப்போது கேட்பதும் சின்ன விஷயம்தான். தூக்கத்துக்கு மது மருந்தல்ல, குறட்டை உள்ளவர்கள் படுக்கும் முன் தொடவே கூடாது என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். அவர் அந்தப் பக்கத்தைத்தான் படிப்பார்.

இப்படிக்கு,
20 வருட வாசகி,
கும்பகோணம்