நீச்சல் தெரிந்தவன்

அன்புள்ள மாப்ளே,

தோத்திரம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, வெட்கம். ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நோன்பு நாட்கள் எப்படிப் போகின்றன என்று கேட்டிருந்தாய். மாட்டிக்கொண்டதே அதில்தான்.

லெந்து தொடங்கின சாம்பல் புதன் அன்று ஒரு நோட்டு வாங்கினேன். ஞாயிறுகளை விட்டுவிட்டு எண்ணினால் லெந்து சரியாக 40 நாள். ஸ்கேல் வைத்து 40 கட்டம் போட்டேன். கோபப்படாத நாளுக்குச் சிவப்பு மையில் ஒரு டிக். வாத்தியார் புத்தி எங்கே போகும்? என் கோபம் உனக்குத் தெரியாததா, ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் வாளியைக் கவிழ்த்த கை அல்லவா இது.

பதினோரு நாள் தொடர்ந்து டிக். சாயங்காலம் நோட்டை உன் தங்கச்சியிடம் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "பேசாம உம்முன்னு இருக்கிறதும் கோபம் இல்லாம இருக்கிறதும் ஒண்ணா?" என்றாள். சுருக்கென்றது. ஆனாலும் டிக்கை அடிக்கவில்லை.

மறுநாள் தம்பி போன் பண்ணினான். பழைய வீட்டுக் கிணறு யார் பாகம் என்ற அதே பேச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு, 'கோபப்பட மாட்டேன், கோபப்பட மாட்டேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரிடம் சொன்னேன் பார், என்னிடமேதான். மூன்றாவது நிமிடம் அப்பாவின் அடக்கச் செலவு வரை இழுத்துவிட்டேன். அவன் போனை வைத்துவிட்டான்.

அந்த ஞாயிறு கோவிலுக்குப் போகவில்லை. எங்கள் சபைப் போதகர் ஐயர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். நம் பிள்ளைகள் வயசுதான் இருக்கும். நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "மனுஷன் தன் சொந்த முயற்சியாலேயே பாவம் செய்யாம வாழ முடியும்னு பெலாஜியஸ்னு ஒரு பழங்காலத்துத் துறவி போதிச்சார் சார். 418-ல கார்த்தேஜ்ல பிஷப்மார் கூடி அது தப்புன்னு தீர்த்துட்டாங்க. உங்க நோட்டுல பெலாஜியஸ் இன்னும் சௌக்கியமா இருக்கார்" என்றார். அப்புறம் மத்தேயு 14-ஐ வாசித்து, ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினார்.

இயேசுவின் சீஷன் பேதுரு அவரிடம் போகக் கடல்மேல் நடந்து, காற்றைக் கண்டு பயந்து முங்கின கதை நமக்கு சண்டே ஸ்கூல் காலத்திலிருந்தே பாடம். இந்தத் தடவைதான் ஒன்று கண்ணில் பட்டது. கலிலேயாக் கடலில் வலை வீசிப் பிழைத்தவனுக்கு நீச்சல் தெரியாமலா இருக்கும்? யோவான் 21-ல், கரையில் நிற்பது ஆண்டவர் என்று கேட்டதும், ஏறக்குறைய இருநூறு முழத் தூரம் இருக்கும்போதே படவிலிருந்து கடலில் குதிக்கிறவன் அவன்தானே. அப்பேர்ப்பட்டவன் முங்கும்போது கை கால் அடித்ததாக மத்தேயு எழுதவில்லை. "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று கூப்பிட்டான், அவ்வளவுதான். நானோ பதினோரு நாளும் நீந்திக்கொண்டிருந்திருக்கிறேன், அதற்கு மார்க்கும் போட்டுக்கொண்டு!

இன்னொன்றும் கவனித்தேன். இயேசு 'உடனே' கையை நீட்டி அவனைப் பிடிக்கிறார். "அற்பவிசுவாசியே" என்ற திட்டு பிடித்த பிறகுதான். முதலில் திட்டிவிட்டு அப்புறம் கை கொடுக்கிற என்னைப் போன்ற வாத்தியாருக்கு இது உறைக்கத்தான் செய்தது.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. முந்தாநாள் பால்காரர் தப்பித்தது பெரிய காரியம். இப்போதெல்லாம் சூடு ஏறும்போதே, "ஆண்டவரே, முங்குறேன்" என்று சொல்லிப் பார்க்கிறேன். சில நேரம் அதற்குள் வாய் முந்திவிடுகிறது. அப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

இரண்டு மாதமாக முழங்கால் போட்டால் ஒரு வார்த்தைகூட வரமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன லாயக்கு? ஆனால் பேதுருவின் ஜெபம் மொத்தமே மூன்று வார்த்தை. எண்ணிப் பார்.

தம்பிக்கு நேற்று நானே போன் பண்ணினேன். எடுக்கவில்லை. ஈஸ்டருக்கு ஊருக்கு வருவான். கோவிலில் எங்கே உட்காருவான் என்று இப்போதே யோசனையாக இருக்கிறது.

நோட்டின் மீதிப் பக்கங்களில் உன் தங்கச்சி பால் கணக்கு எழுதுகிறாள். கருப்பட்டி தீர்ந்துவிட்டதா? இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

உன் பழைய
ரூம்மேட்