மாமா கடையில் கரண்ட் போனபோது

யாங்கோன்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவும் நானும் சுகம். கடைகளில் பில் போட நீ செய்து அனுப்பிய போன் ஆப்பை நேற்று பயின்னௌங் சந்தைக்குக் கொண்டுபோய்ப் பருப்புக்கடை மாமாவிடம் கொடுத்தேன். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

கடையில் கணக்கு எழுதுகிற பர்மியப் பெண்ணை உனக்குத் தெரியும். முதல் ஏழு பில்லை அழகாகப் போட்டுவிட்டாள். பத்தரைக்குக் கரண்ட் போனது, கூடவே வைஃபையும். போனில் டேட்டாவும் சரியாக இழுக்கவில்லை. எட்டாவது ஆள் உளுந்து வாங்க நிற்கிறார், உன் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு நிமிஷம் பார்த்தாள். போனைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்துவிட்டு, காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. அந்தப் போனை அவள் மறுபடி எடுக்கவேயில்லை.

அவள் மேல் தப்பில்லை. உன் மேலும் எனக்கு வருத்தமில்லையம்மா. சிங்கப்பூரில் கரண்ட் போவதைப் பார்த்தே உனக்கு வருஷக்கணக்காகியிருக்கும். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஆப் எழுதுகிற கருவிகளில் ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா என்று மூன்று வாரமாக ஒப்பிட்டுப் பார்த்ததாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். ஆபீஸில் இரண்டு வருஷமாக ஃப்ளட்டரில்தானே வேலை பார்க்கிறாய்? உனக்குக் கை ஓடுகிறது, அதையே எடுத்துக்கொள். தனியாக ராத்திரியில் உட்கார்ந்து ஒரு சின்னப் பொருளைச் செய்கிறவளுக்குத் தெரிந்த கருவிதான் நல்ல கருவி. அந்த மூன்று வாரத்தையும் வேறொரு கேள்விக்குக் கொடுத்திருக்கலாம்: மாமாவுடைய கணக்கு கடைசியில் எங்கே போய் உட்காருகிறது?

இப்போது அது முழுக்க முழுக்கத் தூரத்து சர்வரில் இருக்கிறது. அதை முதலில் போனுக்குள் கொண்டுவா. எஸ்க்யூலைட் என்கிற சின்னத் தரவுத்தளம் ஆண்ட்ராய்டில் ஏற்கனவே இருக்கிறது, நீ ஒன்றும் புதிதாக வாங்க வேண்டாம். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் என்பவர் வெளியிட்டது. யாருக்கும் உரிமைத்தொகை கட்ட வேண்டியதில்லை. மொத்தக் கணக்கும் ஒரே ஒரு கோப்புதான். எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்து போனாலும், அடுத்த தடவை திறக்கும்போது அரைகுறைப் பதிவைத் தானாகவே நீக்கிவிட்டு முந்தைய நிலைக்குப் போய்விடும். 2050 வரை பராமரிப்பதாகச் செய்கிறவர்களே சொல்லியிருக்கிறார்கள். பில் முதலில் அந்தக் கோப்பில் விழட்டும், நெட் வரும்போது சர்வருக்குப் போகட்டும். பல சர்வர்களைச் சேர்த்து நிர்வகிக்கிற குபர்நெட்டிஸ் பற்றியும் எழுதியிருந்தாய். நாற்பது கடைக்கு அது எதற்கு? ஒரு சின்ன லினக்ஸ் சர்வர், அதில் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், தினமும் ஒரு பேக்கப். அது போதும். சர்வர் வாடகையும் டாலரில் கட்ட வேண்டும், இங்கே கடைக்காரர்கள் உனக்குத் தரப்போவது பர்மியக் காசு, சட்.

நான் ஏன் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், இரண்டு விதமாகவும் பட்டிருக்கிறேன். 1998-இல் மாமா கடைக்கு ஃபாக்ஸ்புரோ என்கிற தரவுத்தளக் கருவியில் ஒரு பாக்கிக் கணக்கு எழுதிக் கொடுத்தேன், அப்போது நீ பிறக்கவில்லை. ஃபாக்ஸ்புரோ இன்றைக்கு இல்லை. 2004-இல் வந்ததுதான் கடைசிப் பதிப்பு, 2015-இல் அதற்கான ஆதரவையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆனால் அதில் சேமித்த டிபிஎஃப் கோப்பைப் போன மாதம் லிப்ரே ஆபீஸில் திறந்தேன். உளுந்து, துவரை, ஆள் பெயர், பாக்கி எல்லாம் வரிவரியாக அப்படியே இருக்கிறது. மாமா ஒவ்வொரு பெயராகப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பாதிப் பேர் இப்போது இல்லை.

அதற்குப் பிறகு நம் அச்சுக்கடைக்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் விலைக்கு வாங்கினேன். பார்க்க லட்சணமாக இருக்கும். நாலு வருஷத்தில் விற்றவர்கள் கடையை மூடிக்கொண்டு போய்விட்டார்கள், சாஃப்ட்வேரைத் திறக்கக் கம்ப்யூட்டரில் சாவி மாதிரி செருகுகிற டாங்கிளும் பழுதாகிவிட்டது. உள்ளே இருந்த கணக்கை எடுக்க ஒரு வழியும் இல்லை. நானும் அம்மாவும் பதினோரு ராத்திரி பழைய பில் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு திரும்ப டைப் செய்தோம். அம்மா படிப்பாள், நான் அடிப்பேன். உன் ஆப்பில் எதைத் தள்ளிப்போட்டாலும், மொத்தக் கணக்கையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிற சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்கிற பட்டனை மட்டும் தள்ளிப்போடாதே. முதல் பதிப்பிலேயே வேண்டும், காசு கட்டாதவருக்கும் அது வேலை செய்ய வேண்டும்.

இரண்டு போன் நெட் இல்லாமல் ஒரே ஆளின் பாக்கியைத் திருத்தினால் என்ன ஆகும் என்று நீ கேட்கலாம். கொள்ளுத்தாத்தா மொகல் தெருவில் செட்டியார் கடையில் கணக்கப்பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா, இப்போது ஷ்வே பொன்தா என்கிறோமே, அந்தத் தெரு. பேரேட்டில் தப்பாக ஒரு வரி விழுந்தால் அவர் அழிக்க மாட்டாராம், அதைச் சரிக்கட்ட இன்னொரு வரியாக எதிர்ப்பதிவு போடுவாராம். நீயும் அப்படியே செய். 'பாக்கி இவ்வளவு' என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அதையே மாற்றி மாற்றி எழுதாதே. பற்று, வரவு என்று வரிகளை மட்டும் சேர்த்துக்கொண்டே போ, பாக்கியைக் கூட்டிக் காட்டு. பில்லுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் கொடுத்தால் இரண்டு போனிலும் ஒரே எண் விழும், அதற்குப் பதில் வேறெந்தப் போனிலும் விழாத யூயூஐடி என்கிற நீள அடையாளத்தை வைத்துக்கொள். அப்புறம் இரண்டு போனின் வரிகளும் ஒன்றாகச் சேர்ந்தால்கூட எதுவும் தொலையாது.

எடையைக் கிலோவில் மட்டும் வைத்திருக்கிறாய். இங்கே வீசை இல்லாமல் வியாபாரம் ஏது? ஒரு வீசைக்கு 100 டிக்கல், கிலோவில் ஏறக்குறைய 1.63. அரிசியென்றால் எட்டு பால்டப்பா ஒரு ப்யீ, 16 ப்யீ ஒரு கூடை. தசமப் புள்ளி வைத்துச் சேமிக்காதே. வீசையில் விற்றதை டிக்கலாக முழு எண்ணில் வை, திரையில் மட்டும் பிரித்துக் காட்டு. 0.1-உம் 0.2-உம் கூட்டினால் கம்ப்யூட்டர் சரியாக 0.3 என்று சொல்லாது, ஒரு துளி கூடும் என்று உனக்குத் தெரியும். டிக்கல் கணக்கில் அந்த வித்தியாசம் வந்தால் மாமா கண்ணில் உடனே பட்டுவிடும்.

பெயருக்கு இரண்டு கட்டம் போட்டு இரண்டும் கட்டாயம் என்று வைத்திருக்கிறாய். பர்மியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் ஆட்களுக்கோ அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர், வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர். அந்தப் பெண் இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி வைத்து ஏமாற்றிக்கொண்டிருந்தாள். ஒரே கட்டம் போடு, பக்கத்தில் 'கூப்பிடும் பெயர்' என்று இன்னொன்று, விருப்பம் இருந்தால் நிரப்பட்டும்.

தேடலும் சரியாக வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும், இருபது வருஷம் கல்யாணப் பத்திரிகை அடித்தவன் நான். மாமா போனில் பழைய பெயர்கள் ஜோஜி என்கிற பழைய பர்மிய எழுத்துருவில் இருக்கின்றன, நீ யூனிகோடில் தேடுகிறாய். 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடே யூனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய போன்களில் பதிந்து கிடக்கிற பெயர்கள் தானாக மாறாதே. ஜோஜியில் எழுத்து கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் போய் உட்காரும், யூனிகோடில் சொல்லும் வரிசையில். நம் 'கெ'யை நினைத்துக்கொள்: கொம்பு முன்னால் தெரிகிறது, உள்ளே ககரத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. எது ஜோஜி என்று கண்டுபிடித்து மாற்ற கூகுள் இலவசமாக ஒரு கருவி கொடுத்திருக்கிறது, பெயர்களை உள்ளே எடுக்கும்போதே அதில் ஓட்டிவிடு. தமிழிலும் ஒன்று இருக்கிறது. 'கொ' என்பதைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம், ஒரே குறியாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று, தேடினால் ஒன்றில்லை. சேமிக்கும் முன்னாலும் தேடும் முன்னாலும் இரண்டையும் ஒன்றாக்குகிற யூனிகோட் வடிவமான என்எஃப்சியாக மாற்றிக்கொள்.

ஆபீஸ் வேலையை இப்போதைக்கு விடாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். நானும் அதையேதான் சொல்வேன். முதலில் பத்துக் கடை காசு கட்டட்டும். போனில் காசு அனுப்புகிற கேபிஇசட் பேயில் வாங்கித் தர நான் இருக்கிறேன்.

மாமா இன்னொரு தடவை பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அந்தப் பெண்ணிடமும் பேசினேன், கரண்ட் போனாலும் எழுத முடிந்தால் எழுதுகிறேன் என்றாள். நெட் இல்லாமல் ஓடுகிற பதிப்பு எப்போது வரும் என்று சொல், அன்றைக்கு வைஃபையை நானே அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்காருகிறேன். அவள் கிழித்த காலண்டர் தாளைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பில்லை எந்த வரிசையில் எழுதுகிறாள் என்று அதில் தெரிகிறது: முதலில் ஆள், அப்புறம் எடை, விலை கடைசியில். உன் திரையில் விலை முதலில் இருக்கிறது. படம் எடுத்து இத்துடன் அனுப்புகிறேன், பார்.

அன்புடன்,
அப்பா