அந்தச் சிவப்பு இதயத்துக்குக் கிடைத்த மின்சாரம்

படகுத்துறையை நிர்வகிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் டிக்கெட் மேசையில் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸைப் படித்தேன். சுற்றுலாப் படகுகளால் அரியாங்குப்பம் ஆற்றில் எண்ணெய் மிதக்கிறது, அலையாத்திச் செடிகள் பாழாகின்றன, மாசைக் குறைக்க என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்பதை 15 நாட்களுக்குள் காட்டாவிட்டால் உரிமம் புதுப்பிக்கப்படாது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. இரண்டு படகு வைத்துப் பிழைக்கிறவன் நான். பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாததா? பெட்ரோலோடு ஆயிலையும் கலந்துதான் ஊற்றுகிறோம். அதில் கால் பங்கு வரை எரியாமலே வெளியே போகும். புகை வெளியேறும் வாய் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் எல்லாம் நேராக ஆற்றில்தான் கலக்கிறது. தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களில் அந்த எண்ணெய்ப் படலம் போய் ஒட்டிக்கொள்கிறது. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் மூச்சு விடுவதே அந்த வேர் வழியாகத்தான். அந்தக் காட்டைக் காட்டித்தான் நான் டிக்கெட் விற்கிறேன்.

ஆகவே நோட்டீஸ் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. சென்ற ஆண்டே கடன் வாங்கி, ஒரு படகின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் பொருத்தினேன். இது உங்களுக்கும் தெரியும். பொருத்திய நாளில் உங்கள் அலுவலகத்திலிருந்து வந்து படகில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். அன்று வாய்மொழியாகவும், பிறகு மூன்று முறை எழுத்திலும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: படகுத்துறையில் மின்னேற்றம் செய்துகொள்ள ஒரு மின் இணைப்பு.

அது இல்லாததால் என்ன நடக்கிறது என்று ஒருநாள் மாலை வந்து பாருங்கள். படகில் இரண்டு பேட்டரிப் பெட்டிகள். ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல். கடைசிச் சவாரி முடிந்ததும் நானும் உதவிக்கு இருக்கும் தம்பியும் அவற்றைக் கழற்றிக் கரைக்குத் தூக்க வேண்டும். தண்ணீர் நிறைந்திருந்தால் கஷ்டம் குறைவு. வற்றியிருந்தால் படகு நான்கு அடி கீழே கிடக்கும். பாசி பிடித்த படியில் ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயுமாக நின்று ஏற்ற வேண்டும். ஆடி மாதம் தம்பி வழுக்கி விழுந்தபோது பெட்டி அவன் கணுக்காலில் இறங்கியது. பதினெட்டு நாள் படுத்திருந்தான். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று முதலில் பெட்டியைப் பார்த்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பிறகு லோடு ஆட்டோ, மூன்று கிலோமீட்டர், வீடு. இரவு முழுக்கத் திண்ணையில் மின்னேற்றம். அந்த நேரத்தில் தண்ணீர் மோட்டாரைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும் என்பதால் என் அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தொட்டியை நிரப்புகிறார். பக்கத்து வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளை எங்கள் சுவர் ஓரமாக நிறுத்துவதை விட்டுவிட்டார். பேட்டரி வெடிக்கும் என்று எங்கோ படித்தாராம். வீட்டு இணைப்பில் தொழிலுக்கு மின்சாரம் எடுப்பது விதிமீறல் என்பதும் எனக்குத் தெரியும். இதை எழுதி நானே மாட்டிக்கொள்கிறேன், பரவாயில்லை. காலையில் மறுபடி ஆட்டோ, மறுபடி படி.

இவ்வளவுக்கும் பிறகு, நிதானமாக ஓட்டினால் இரண்டு பெட்டியும் சேர்ந்து நான்கு மணி நேரம் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் படகு நின்றுவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் துறையிலேயே ஒரு மணி நேரம் ஏற்றிக்கொள்ள முடிந்தால் மாலைச் சவாரிகளில் பாதியையாவது பார்த்துவிடலாம். முடியாததால் பெட்ரோல் படகைத்தான் எடுக்கிறேன். கொக்கும் நீர்க்காகமும் அடைய வரும் அந்தி நேரத்தில், காட்டுக்குள் புகையும் இரைச்சலுமாகப் போவது அந்தப் படகுதான். உங்கள் நோட்டீஸில் உள்ள புகைப்படமும் அதனுடையதுதான். படம் நன்றாக விழுந்திருக்கிறது.

மின் இணைப்பு தராததற்கு இதுவரை நீங்கள் சொன்ன காரணம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் புதிய கட்டுமானம் கூடாது என்பது. விதியை மதிக்கிறேன். ஆனால் படித்துறையிலிருந்து முப்பது அடி தள்ளி, ஊர்ப் பெயருக்கு முன்னால் சிவப்பு இதயம் வைத்து ஆளுயர எழுத்துகளை நிறுத்தியிருக்கிறீர்களே, அது எந்த மண்டலத்தில் இருக்கிறது? மாலை ஆறு முதல் காலை ஆறு வரை அது எரிகிறது. இரவு பத்து மணிக்கு மேல் அதைப் பார்க்க இரண்டு நாய்களும் காவலாளியும்தான் இருக்கிறார்கள். நான் பேட்டரியைச் சுமந்துகொண்டு அந்த இதயத்தைத் தாண்டித்தான் தினமும் ஆட்டோவுக்குப் போகிறேன்.

இதே ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. ரோமானிய மதுச்சாடிகள் அங்கே மண்ணிலிருந்து கிடைத்தன என்று பயணிகளிடம் தினமும் சொல்கிறேன். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மத்தியதரைக் கடலிலிருந்து சாடி வந்து சேர்ந்த கரைக்கு, முப்பது அடியிலிருந்து ஒரு கம்பி வந்து சேரவில்லை.

கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் போகும் சூரியசக்திப் படகை 2017 ஜனவரியிலேயே ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். கொச்சியில் 2023 முதல் நீர் மெட்ரோ ஓடுகிறது. அந்தப் படகுகள் நிறுத்தத்திலேயே மின்னேற்றம் செய்துகொள்கின்றன. அவ்வளவு பெரிய காரியம் எதையும் நான் கேட்கவில்லை. சுற்றுச்சூழல் தினத்தன்று இதே துறையில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தி, வந்தவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தீர்கள். மறுநாள் ஆற்றில் மிதந்தவற்றை வலைக்கூடையால் அள்ளியவர்கள் நாங்கள். கரையைக் கரைக்கும் அளவுக்கு அலை கிளப்பிக்கொண்டு போகும் விரைவுப் படகுகளுக்கு அந்த வாரமே புதிய அனுமதியும் கிடைத்தது. நட்டு ஒரு வருடம்கூட ஆகாத கண்டல் கன்றுகள் அந்த அலையில் பிடுங்கிக்கொண்டு போகின்றன. இதைக் கேட்டால்...

மன்னிக்கவும். கேட்க வந்தது வேறு.

தயவுசெய்து மின் இணைப்புக்குத் தடையில்லாச் சான்று கொடுங்கள். புதிய கட்டுமானம் எதுவும் வேண்டாம். எரிகிற அந்த எழுத்துகளின் பின்னால் உள்ள மின்பெட்டியிலிருந்து கம்பி இழுத்தால் போதும். தனி மீட்டர், கம்பி, வைப்புத்தொகை எல்லாச் செலவும் என்னுடையது. வணிகக் கட்டணத்தையே கட்டுகிறேன். இணைப்பு வந்தால் தாங்களும் மோட்டாரை மாற்றுவதாக இன்னும் இரண்டு படகுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய கடிதங்களையும் இணைத்திருக்கிறேன். இணைப்பு வந்த மாதமே என் இரண்டாவது படகின் பெட்ரோல் இன்ஜினையும் கழற்றிவிடுவேன். இதை எழுதியே தருகிறேன்.

மாசைக் குறைக்க நான் என்ன ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். ஏற்பாடு என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அதைத் துறைக்குக் கொண்டுவர உங்கள் கையெழுத்து ஒன்று வேண்டும். நீங்கள் கொடுத்த கெடுவில் இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் துறையில் இரண்டு படகு ஓட்டுபவன்