கோவளம் அருகே இளநீர் விற்ற அம்மாவுக்கு நன்றி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நண்பர்களோடு பந்தயம் கட்டி பைக்கில் பறந்து, மணலில் சறுக்கி விழுந்தான் என் அண்ணன் மகன். பத்தொன்பது வயது.

அம்மா, கூடியிருந்தவர்கள் அவனைக் கைகளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தபோது நீங்கள் விடவில்லையாம். தண்ணீர் புகட்ட வந்தவரையும் தடுத்தீர்களாம். தோளில் கிடந்த துண்டை மடித்துத் தொடைக் காயத்தில் அழுத்தச் சொல்லிவிட்டு, 108 வண்டி வரும்வரை அவன் தலை அசையாதபடி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். கழுத்தெலும்பில் விரிசல் இருந்தது. அசைத்திருந்தால் கைகால் செயலிழந்திருக்கலாம் என்றார் மருத்துவர். யார் பெற்ற பிள்ளைக்கோ இப்படி வெயிலில் மண்டியிட யாருக்கு மனம் வரும்!

போலீஸ் வரும் என்று யாரோ சொன்னதும் பெயர் சொல்லாமல் போய்விட்டீர்களாம். பயம் வேண்டாம் அம்மா. விபத்தில் உதவியவரைப் பெயர் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின் கீழ் வகுத்த விதிகளே சொல்கின்றன.

அவன் இப்போது நடக்கிறான். பந்தயத்துக்குக் கூப்பிடும் நண்பர்களிடம் தழும்பைக் காட்டி மறுக்கிறான். உங்களைப் பார்க்க வேண்டுமென்று தினமும் கேட்கிறான். இந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து எங்களுக்குச் சொல்லுங்கள்.