வளையம் மறைத்த கயிறு

எர்ணாவூர்,
செப்டம்பர் 14

அன்புள்ள சண்முகம்,

இங்கு நலம், அங்கும் அவ்வாறே இருக்கும் என்று நம்புகிறேன். நீ சித்திரையில் எழுதிய கடிதத்துக்கு ஆவணி முடியும் நேரத்தில் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டியதை எல்லாம் இந்த வரியிலேயே திட்டி முடித்துவிட்டு மேலே படி. சோம்பல் மட்டும் காரணமில்லை. மரமேறும் பெல்ட்டின் பிரிட்ஜில், அதாவது வயிற்றுக்கு முன்னால் குறுக்கே போகும் கயிற்றில், வெறும் வளையத்தைப் போட்டுக்கொண்டு திரியாதே, நடுவில் சுழலும் மூட்டுள்ள ஸ்விவல் வாங்கிப் போடு என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. ஏற்காட்டுக் குளிரில் சில்வர் ஓக் மரங்களுக்குக் கிளை கழிக்கிறவன், உப்புக் காற்றில் வேலை செய்கிறவனுக்குப் பாடம் எடுப்பதா என்று மறுத்து எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். இப்போது எழுதுவது மறுப்பதற்காக அல்ல. சென்ற வெள்ளிக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் அடுத்த மரத்தில் ஏற எனக்கு மனம் வரவில்லை.

பெரம்பூரில் ஒரு பழைய குடியிருப்பில் பெரிய தூங்குமூஞ்சி மரம். ஐப்பசி மழைக்கு முன்னால், கூரைகளின் மேல் நீண்டுவிட்ட கிளைகளைக் கழிக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அந்த மரம் உயரத்தால் அல்ல, அகலத்தால்தான் ஆளை வாட்டும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நுனியை நோக்கி நடக்க நடக்க ஏறுகயிறு பக்கவாட்டில் இழுக்கும். உடம்பு ஒரு புறம் திரும்பும், வளையம் மறுபுறம் ஓடும். அன்று வளையம் ஓடிய விதத்தில் ஒரு சொரசொரப்பு இடுப்பில் தட்டுப்பட்டது. மரப்பட்டைத் தூளாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வேலை முடிந்து இறங்கி, டீ வருவதற்குள் ஏதோ நினைப்பில் வளையத்தை ஒரு பக்கமாகத் தள்ளியபோது, அது வழக்கமாக நிற்கும் நடு இடத்தில் கயிற்றின் மேலுறை ஒரு விரல் அகலத்துக்குப் பஞ்சாகி, உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. டீ ஆறிப்போனது.

ஒவ்வொரு நாள் காலையிலும் நான் பெல்ட்டைச் சோதிக்கிறேன், சண்முகம். முடிச்சுகளைப் பார்ப்பேன், பக்கக் கண்களைப் பார்ப்பேன், தையலைத் தடவிப் பார்ப்பேன். ஆனால் ஆணியில் மாட்டியிருக்கும் பெல்ட்டில் வளையம் தன் எடையாலேயே பிரிட்ஜின் நடுவுக்கு வந்து நின்றுவிடும். மிக அதிகமாகத் தேயும் இடம் எதுவோ அதையே அது மூடிக்கொண்டு நிற்கும். எத்தனை மாதம் அந்த வளையத்தைச் சுற்றி இரு புறமும் பார்த்துவிட்டு, கயிறு நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

வீட்டுக்கு வந்து கயிற்றைக் கழற்றி மேசையில் வைத்தேன். உன் தங்கை வந்து பார்த்து, "இந்தச் சுண்டுவிரல் தடிக் கயிற்றிலா இத்தனை நாளும் தொங்கினீர்கள்?" என்று கேட்டாள். மேலே போகும் கயிற்றை நீளமாக, தடியாக, புதிதாகப் பார்த்திருக்கிறாள். அந்தக் கயிறு வந்து முடிவது வயிற்றுக்கு முன்னால் குறுக்கே போகும் இந்த முழ நீளத் துண்டில்தான் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அன்றிரவு அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் வளையத்தை வெயிலில் பிடித்து உள்முகத்தை நகத்தால் வருடிப் பார்த்தேன். நகம் ஒரு இடத்தில் சிக்கியது. கவனித்தால் இரண்டு, மூன்று சிறு பள்ளங்கள். ஒன்றின் ஓரம் ரம்பப் பல்லைப் போல் எழும்பி நின்றது. அலுமினிய வளையம் அது. அதில் ஏறுகயிற்றை இணைக்க நான் மாட்டி வைத்திருந்தது, போன வருடம் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய இரும்புக் காரபினர், அந்தப் பூட்டுக் கொக்கி. அலுமினியத்தைவிட இரும்பு கடினமானது. நான் குலுங்கும் ஒவ்வொரு முறையும் அது வளையத்தைக் கொத்தியிருக்கிறது. வளையம் வட்டமானது, சுழலக்கூடியது. இன்று காரபினர் கொத்திய பக்கம் நாளை திரும்பிக் கயிற்றின் மேல் வந்து உட்காரும். அப்படி வந்து உட்கார்ந்துதான் கயிற்றை அறுத்திருக்கிறது. கயிற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கையாலேயே ஒரு அரத்தைச் செய்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை மேஸ்திரியிடம் சொல்லிவிடாதே. அந்த மாமரத்துக் கதையோடு இதையும் சேர்த்துவிடுவார்.

இனி உன் ஸ்விவல் விஷயத்துக்கு வருகிறேன். கயிறு முறுக்கிக்கொள்ளாது என்பதுதான் நீ சொன்ன காரணம். அதை நான் இப்போதும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முறுக்கு விழுந்தால் உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி அவிழ்த்துக்கொள்ளலாம், பதினைந்து வருடமாக அப்படித்தான் அவிழ்க்கிறேன். ஆனால் நீ சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. ஸ்விவலில் கயிறு ஓடுவது ஒரு கண்ணில், காரபினர் மாட்டுவது வேறு கண்ணில். காரபினர் எத்தனை கொத்துக் கொத்தினாலும் அந்தக் காயம் கயிற்றுப் பக்கம் வரவே வழியில்லை. எனக்கு நேர்ந்தது உனக்கு நேராமல் இருந்ததற்குக் காரணம் உன் கெட்டிக்காரத்தனம் அல்ல, அந்தப் பொருளின் அமைப்புதான். அதைத் தெரியாமலேயே நீ சரியானதை வாங்கியிருக்கிறாய். தோற்றேன் என்று நான் எழுதித் தருவது இவ்வளவுதான்.

ஆனாலும் உடனே தலையாட்டிவிட முடியவில்லை. வளையத்தில் ஒளிந்துகொள்ள எதுவுமில்லை, தள்ளினால் கயிறு தெரியும், திருப்பினால் உலோகம் தெரியும். நான்தான் தள்ளிப் பார்க்கவில்லை. ஸ்விவலுக்கோ வயிறு என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் என்ன நடக்கிறதென்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. உன் மலையில் அது பல வருடம் உழைக்கும். இங்கே ஜன்னல் கம்பியே மூன்று மழைக்குள் பொரிந்து உதிர்கிறது. உப்பும் மணலும் சேர்ந்து அந்த மூட்டுக்குள் போனால் என்ன ஆகும்? மறைந்திருந்த தேய்மானத்தால் சூடுபட்டவன் மறைவிடம் உள்ள பொருளையே வாங்கலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

நீளமும் ஒரு வில்லங்கம். ஸ்விவல் வளையத்தைவிட நீளம் என்பதால் ஏறுகயிற்றில் நான் கையால் நகர்த்தும் ஏறுமுடிச்சு அந்த அளவுக்கு மேலே போய்விடும், எனக்கோ கை குட்டை. பிரிட்ஜைக் குறைத்து ஈடுகட்டலாம் என்று முதலில் நினைத்துக் கணக்குப் போட்டேன். கருவிகளோடு என் எடை 90 கிலோ என்று வைத்துக்கொள். பிரிட்ஜ் நீளமாக இருந்து, வளையத்திலிருந்து இரு புறமும் இறங்கும் கயிற்றின் இரண்டு கால்களுக்கும் நடுவே 60 பாகை கோணம் இருந்தால், ஒவ்வொரு காலும் 52 கிலோ தாங்கும், இடுப்பை இரு புறமிருந்தும் உள்நோக்கி நெருக்கும் விசை 26 கிலோதான். அதையே குறுக்கி 120 பாகை ஆக்கினால் ஒவ்வொரு காலும் முழு 90 கிலோவையும் தாங்க வேண்டும், இடுப்பை நெருக்கும் விசை 78 கிலோவாக ஏறும். மேஸ்திரி தன் பெல்ட்டை "இடுக்கி" என்று ஏன் அழைத்தார் என்பது இத்தனை வருடம் கழித்து எனக்குப் புரிந்தது. ஆகவே பிரிட்ஜைக் குறைக்கப் போவதில்லை. ஸ்விவலிலேயே குட்டையானதாகத் தேட வேண்டும்.

கயிற்றை வாங்கக் காசிமேட்டுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் நல்ல மனிதர். கப்பலுக்குப் போடும் டைனீமா கயிறு இருக்கிறது, எஃகைவிட வலு, இதைக் கட்டிக்கொள் என்றார். வலுதான், ஆனால் வழுக்கும், சாதாரண முடிச்சு அதில் நிற்காது, நீட்சியும் இல்லை, 145 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். பாலியெஸ்டர் 250 பாகைக்கு மேல்தான் உருகும், முடிச்சையும் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எஃகு வளையம் ஒன்றை எடுத்துக் காட்டினார். பளபளவென்று அழகாக இருந்தது. பற்றவைத்த தடம் தெரிந்தது, எவ்வளவு தாங்கும் என்று எழுத்து ஒன்றும் இல்லை. "இதிலே படகையே கட்டலாம்" என்றார். படகு விழுந்தால் மிதக்கும் என்றேன். சிரித்துவிட்டு, திருகாணி போட்டு மூடும் லாட வடிவச் சாக்கிளை எடுத்தார். சாக்கிள் என்றதும் உன் முகம் நினைவுக்கு வந்தது, வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டேன். ஓடும் கயிறு உரசினால் அந்தத் திருகாணி தானே கழன்று வரும் என்பதைக் கற்றுக்கொள்ள நாம் இருவரும் கொடுத்த விலை போதும். கிளம்பும்போது இரட்டை மீனவர் முடிச்சைப் போட்டுக் காட்டி இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். அங்கே வலை கோத்துக்கொண்டிருந்த நான்கு மீனவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

முடிவைச் சொல்கிறேன். நீ உனக்கு வாங்கிய இடத்திலேயே எனக்கும் ஒரு ஸ்விவல் வாங்கி அனுப்பு. 22 கிலோநியூட்டனுக்குக் குறையக் கூடாது, அதாவது சுமார் 2.2 டன், அந்த எண் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும், காகிதச் சீட்டில் இருந்தால் எனக்கு வேண்டாம். கயிறு ஓடும் கண் 11 மில்லிமீட்டர் கயிறு நெருக்கமில்லாமல் புரளும் அளவுக்கு அகலமாகவும், அதன் உள்விளிம்பு தடித்து உருண்டும் இருக்க வேண்டும். மெல்லிய விளிம்பு கயிற்றைக் கூர்மையாக மடித்து நாளடைவில் தின்றுவிடும். கண் மூடியதாகத்தான் இருக்கும் என்பதால், பிரிட்ஜின் ஒரு முனையைத் தைத்த கண்ணாகவும் மறுமுனையை முடிச்சாகவும் வைத்துக்கொள்கிறேன். முடிச்சை அவிழ்த்து உள்ளே கோத்துக்கொள்ளலாம். புது முடிச்சைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொங்கிக் குலுக்கி இறுக்கிய பிறகே மரத்துக்குக் கொண்டுபோவேன், மிச்ச வாலையும் தாராளமாக விடுவேன். உப்புக்கு வைத்தியம், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, காதருகே வைத்துச் சுற்றிப் பார்ப்பது. நறநறத்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ அன்றே கழித்துவிடுவேன். இரும்புக் காரபினரைப் பரணில் போட்டாயிற்று.

பழைய வளையத்தை வைத்துக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே. பள்ளம் விழுந்ததைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கொள்ளலாம் என்று ஒரு சபலம் வரத்தான் செய்தது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்து பெல்ட் முழுவதும் கறுத்தபோது, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று நான் சொன்னதும், நீ போனிலேயே என்னைக் கிழித்ததும் நினைவுக்கு வந்தது. வளையத்தைக் குப்பையில் போடவில்லை, யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள். ரம்பத்தால் இரண்டாக வெட்டினேன்.

பள்ளிக்கூட மரம் ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறேன், மாதக் கடைசிக்குள் பொருள் வந்தால் நலம். பணத்தை உன் கணக்கில் போட்டுவிடுகிறேன். பழைய பாக்கியோடு கழித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடாதே. வர்தா புயலின்போது ராயபுரத்தில் சாய்ந்த அந்த அரசமரத்து ரம்பம் யாருடையது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

கடிதத்தோடு அந்தக் கயிற்றின் பாதியை வைத்திருக்கிறேன். மறுபாதியை அக்காள் மகன் ஊஞ்சலுக்குக் கேட்டான், கொடுக்கவில்லை. என் பெல்ட் தொங்கும் ஆணியிலேயே கட்டியிருக்கிறேன். உனக்கு வரும் பாதியில் தேய்ந்த இடத்தை விரலால் வருடிப் பார்த்துவிட்டு, உன் ஸ்விவலையும் ஒருமுறை தள்ளி அதன் அடியில் கயிறு எப்படி இருக்கிறதென்று பார்த்து எழுது.

அன்புடன்,
தயாளன்