எத்தனை ஜிபி என்று கேட்கும் முன், கழற்ற முடியுமா என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை நெருங்கும் மாதங்களில் புது லேப்டாப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடுத்தடுத்து வருகின்றன. வரப்போகும் மாடல் எவ்வளவு மெல்லியது, திரை எத்தனை அங்குலம், ஸ்டோரேஜ் எத்தனை ஜிபி என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். வாங்குகிறவரின் பணம் ஐந்தாறு வருடம் உழைக்குமா என்பதைத் தீர்மானிக்கிற ஒரு தகவல் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கோப்புகள் தங்கும் எஸ்எஸ்டியை, அதாவது உள்ளே இருக்கும் சேமிப்புச் சிப்புப் பலகையைக் கழற்றி வேறு போட முடியுமா, அல்லது அது மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலேயே சால்டர் செய்யப்பட்டதா, அதாவது உருக்கி ஒட்டப்பட்டதா? "அடுத்த மாடலில் ஸ்டோரேஜ் கூடுமாம், பொறுத்து வாங்கலாம்" என்று காத்திருக்கும் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. பெட்டியின் மேல் 256 ஜிபி என்று போட்டிருந்தால் விண்டோஸ் 238 என்றுதான் காட்டும். 512 என்பது 476 ஆகவும், 1 டிபி என்பது 931 ஆகவும் தெரியும். யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரங்களில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-களில் எண்ணுகிறது. அந்த 238-இல் விண்டோஸும் அதன் மீட்புப் பகுதியும் சுமார் 40 ஜிபியைப் பிடித்துக்கொள்ளும். பெரிய அப்டேட் வரும்போது இன்னும் 20 ஜிபி காலியாக இருக்க வேண்டும். எஸ்எஸ்டியின் கொள்ளளவில் 15 முதல் 20 சதவீதம் எப்போதும் காலியாக விடுவதும் அவசியம். ஆக மாணவர் கைக்கு வருவது 130 ஜிபிக்குப் பக்கம். பொறியியல் மென்பொருள் இரண்டு, கொஞ்சம் வீடியோ பாடம் சேர்ந்தால் இரண்டாம் ஆண்டிலேயே நிரம்பிவிடும்.

காலியிடம் ஏன் வேண்டும் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் க்யூஎல்சி வகை சிப்பு இருக்கும். தரவு தங்கும் நுண்ணிய அறை ஒவ்வொன்றிலும் நான்கு பிட்டுகளை அடைப்பதால் இதில் எழுதும் வேகம் இயல்பிலேயே குறைவு. அதை மறைக்க, காலியாக இருக்கும் அறைகளில் ஒரு பகுதியை ஒரு பிட் முறையில் வேகமாக எழுதிவிட்டு, ஓய்வு நேரத்தில் நிதானமாக மாற்றி அடுக்கும். டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்த வேகப் பகுதி சுருங்கும். அது தீர்ந்ததும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான எம்பியில் போய்க்கொண்டிருந்த எழுத்து வேகம் சிலவற்றில் நூறு, இருநூறுக்கு இறங்கிவிடும். "புதுசில் நன்றாக ஓடியது, இப்போது இழுக்கிறது" என்ற புகாருக்கு வைரஸைவிட இதுவே பல நேரம் காரணம். ஓர் அறையில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகை கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

இனி வடிவமைப்புக்கு வருவோம். மெலிதாக்க வேண்டும் என்றால் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்பது ஒரு நம்பிக்கை. ஆப்பிளின் வரலாறு அந்த நம்பிக்கையை வளர்த்தது. 2012-இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் எஸ்எஸ்டி தனியாக வரும், ஆனால் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில். 2016-இல் வந்த டச் பார் மாடலில் அது மதர்போர்டோடு சேர்ந்துவிட்டது. இன்றைய மேக்புக் எதிலும் வாங்கிய பிறகு ஸ்டோரேஜை வீட்டில் கூட்ட வழியில்லை. மதர்போர்டு கெட்டால் தரவும் அதோடு போகும். சிப்பில் உள்ளது முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டு (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு), அதன் சாவி அதே போர்டில் இருப்பதால், சிப்பை மட்டும் பெயர்த்து வேறு போர்டில் வைத்துப் படிக்க முடியாது. மேக் வாங்குகிறவர் முதல் நாளே வெளி டிஸ்க் ஒன்றையும் வாங்கி, மேக்கிலேயே இருக்கும் பிரதியெடுக்கும் வசதியான டைம் மெஷினைப் போட்டு வைப்பதே வழி.

புது மாடல் என்றால் எல்லாம் கூடும் என்று எண்ணுவதும் சரியல்ல. 2022-இல் வந்த எம்2 மேக்புக் ஏரின் 256 ஜிபி வகையில் இரண்டு நினைவகச் சிப்புகளுக்குப் பதில் ஒன்றே ஒன்றை வைத்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு சிப்பிலிருந்து படிக்கும் வசதி போனதால், படிக்கும் வேகம் முந்தைய எம்1 மாடலில் இருந்ததில் ஏறத்தாழ பாதியானது. 2024-இன் எம்3 மாடலில்தான் மறுபடி இரண்டு சிப்பு வந்தது. பெட்டியின் மேல் மூன்றிலும் அதே 256 ஜிபி.

மறுபக்கம் நல்ல செய்தியும் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் முதல் சர்ஃபேஸ் லேப்டாப்புக்கு 2017-இல், சாதனங்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் பழுதுநீக்கும் எளிமையில் பத்துக்குப் பூஜ்யம் கொடுத்தது. அதே வரிசையின் 2024 மாடல் எட்டு வாங்கியது. அப்படியும் அது மெல்லிய லேப்டாப்தான். அதே ஆண்டில் லெனோவோவின் திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறை ஒன்பது வாங்கியது. இயங்கும்போது தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ரேமிலும் புதுப் பாதை திறந்திருக்கிறது. மின்சாரம் குறைவாகக் குடிக்கும் எல்பிடிடிஆர் ரேமை இதுவரை சால்டர் செய்துதான் வைக்க முடிந்தது. சிப்புக்கும் ப்ராசசருக்கும் இடையே தூரம் கூடினால் சிக்னல் கெடும் என்பதே காரணம். மட்டமாகப் படுத்து, ஸ்க்ரூவில் இறுகும் எல்பிகேம்2 என்ற பலகை அதற்குத் தீர்வாக வந்து, 2024-இல் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் இடம்பிடித்தது. வரப்போகும் மாடல்களில் எதற்காவது காத்திருக்கலாம் என்றால் இதற்குக் காத்திருக்கலாம்.

ஸ்டோரேஜ் அளவுக்காக மட்டும் காத்திருப்பது இப்போது பலன் தராது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் இறுதியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி இரண்டின் விலையும் கடுமையாக ஏறியிருக்கிறது. மைக்ரான் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளருக்கு விற்றுவந்த தன் க்ரூஷியல் வணிகத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்தச் சூழலில் அதே விலைக்கு அடுத்த வருடம் இரட்டிப்பு ஜிபி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. எஸ்எஸ்டியைச் செருகும் ஸ்லாட் உள்ள இயந்திரத்தை 512 ஜிபியோடு இன்று வாங்கி, விலை இறங்கும்போது 1 டிபி போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். ரேம் சால்டர் செய்யப்பட்டதாக இருந்தால் அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், 16 ஜிபிக்குக் கீழே போகவே வேண்டாம்.

கடையிலேயே சரிபார்ப்பது எப்படி? காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரி வரும். அங்கே சோடிம் என்று இருந்தால் ரேமைக் கழற்றலாம். ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் சால்டர். பக்கத்தில் டிஸ்கைத் தொட்டால் எஸ்எஸ்டியின் மாடல் எண் தெரியும், அதைப் போனில் தேடினால் எந்த வகை என்று தெரிந்துவிடும். 64 அல்லது 128 ஜிபி என்று மிக மலிவாக வருபவற்றில் எஸ்எஸ்டிக்குப் பதில் பெரும்பாலும் இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்புச் சிப்பு இருக்கும். அது விநாடிக்கு 300 எம்பியை ஒட்டியே படிக்கும், கழற்றவும் முடியாது. பிசிஐஇ என்ற வேக இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டிகளில் மூன்றாம் தலைமுறை 3,500 வரையிலும் நான்காம் தலைமுறை 7,000 வரையிலும் போகும். ஐந்தாம் தலைமுறை 14,000 என்று விளம்பரம் செய்வார்கள். மெல்லிய லேப்டாப்பில் அது சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாணவருக்கு மூன்றாம், நான்காம் தலைமுறையே தாராளம்.

அதைவிட உறுதியான ஆதாரம், தயாரிப்பாளரின் இணையதளத்தில் கிடைக்கும் பராமரிப்புக் கையேடு. டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றும் இதை இலவசமாகத் தருகின்றன. எம்.2 (இன்றைய எஸ்எஸ்டிகளின் பலகை வடிவம்) ஸ்லாட் எத்தனை, அளவு 2230-ஆ, 2242-ஆ, 2280-ஆ என்று அதில் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் அகலம் 22 மிமீ, அடுத்த இரண்டு நீளம். எஸ்எஸ்டியைப் பயனரே மாற்றலாம் என்று கையேட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாரண்டி பற்றிச் சந்தேகம் இருந்தால் சர்வீஸ் மையத்துக்கு மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். வாய்ச்சொல் பின்னால் உதவாது.

மாற்றும் வேலை அரை மணி நேரம்தான், ஆனால் முன்வேலை முக்கியம். விண்டோஸ் 11-இல் பிட்லாக்கர் என்ற மறையாக்கம் நமக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிவிட்டு, செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்து, அது முழுதும் நீங்கும்வரை பொறுங்கள். இதை மறந்தவர்கள்தான் நீலத் திரையில் சாவி கேட்டு நிற்கிறார்கள். பிறகு முக்கியமான கோப்புகளின் பிரதியை வேறோர் இடத்தில் வைத்துவிட்டு, புது எஸ்எஸ்டியை யுஎஸ்பி என்க்ளோஷர் என்ற வெளி உறையில் போட்டுப் பழையதைக் க்ளோன் செய்யுங்கள், அதாவது அப்படியே நகலெடுங்கள். க்ளோன் செய்யும்போதே சி டிரைவின் அளவை இழுத்துப் பெரிதாக்க வேண்டும். விட்டுவிட்டால் சி டிரைவுக்கும் காலியிடத்துக்கும் நடுவே மீட்புப் பகுதி உட்கார்ந்துகொள்ளும், எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகவே இருக்கும். புதிதாக விண்டோஸ் போடுவதாக இருந்தால், இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பலவற்றில் டிஸ்கே தெரியாது. எஸ்எஸ்டி பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். விண்டோஸ் எஸ்எஸ்டியை அடையாளம் காண உதவும் சிறு மென்பொருளான இன்டெல் விஎம்டி டிரைவரைப் பென்டிரைவில் சேர்த்து, லோட் டிரைவர் வழியாக ஏற்றினால் தெரியும்.

கீழ்மூடியைத் திறக்கும் முன் ஷிஃப்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால்தான் முழுமையாக அணையும். கீழ்மூடி ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் பிஹெச்0 அல்லது டி5 அளவு, சிலது ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். நீளம் வேறுபடும் என்பதால் ஒரு தாளில் மூடியை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மறுபக்கம் விசைப்பலகைப் பகுதி புடைக்கும். மூடியை நெம்பக் கத்தி கூடாது, பழைய ஏடிஎம் கார்டு போதும். உள்ளே முதல் வேலை, பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிறகே எஸ்எஸ்டி. ஸ்க்ரூ எடுத்ததும் அது 30 டிகிரி மேலெழும், அதே சாய்வில் உருவ வேண்டும், புதியதையும் அதே சாய்வில் செருகிப் படுக்க வைத்து இறுக்க வேண்டும். வெப்பம் கடத்தும் பட்டையைக் கிழியாமல் எடுத்துத் திரும்ப ஒட்டுங்கள்.

வாங்கும்போது நடக்கும் தவறுகள் இரண்டு. சாட்டா (பழைய, மெதுவான இணைப்பு முறை) வகை எம்.2-வும் என்விஎம்இ (புதிய, வேகமான முறை) ஸ்லாட்டில் செருகிக்கொள்ளும், ஆனால் என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாது. 2 டிபிக்கு மேல் சிலவற்றில் இருபக்கமும் சிப்பு இருப்பதால் மெல்லிய லேப்டாப்பில் மூடி மூடாது. வாங்கும் முன்பே ஒருபக்கச் சிப்பா என்று கேளுங்கள்.

இவ்வளவும் செய்யக்கூடியது என்பதால்தான், செய்யவே முடியாதபடி வடிவமைத்தவற்றை வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறோம். பிரான்சில் 2021 முதல் லேப்டாப்புக்குப் பழுதுநீக்கக் குறியீட்டுப் புள்ளி காட்டுவது கட்டாயம். நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையிடமும் 2025-இல் அத்தகைய குறியீட்டுக்கான குழு அறிக்கை வந்தது. அதில் தொடக்கம் போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும்தான். லேப்டாப்பையும் முதல் கட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.

தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்தது. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் பள்ளி மாணவர்கள் பெற்ற இயந்திரங்களின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட முடிகிறது. விண்டோஸ் 11 அவற்றில் ஏறாது, ஆனால் லினக்ஸ் போட்டால் தட்டச்சுக்கும் இணையத்துக்கும் இன்னும் பயன்படும். இனி வரும் ஒவ்வொரு டெண்டரிலும் "ஸ்க்ரூ திறந்து மாற்றக்கூடிய எம்.2 2280 ஸ்லாட் ஒன்று, பராமரிப்புக் கையேடு தமிழில்" என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி அரசையும், புது லேப்டாப் செய்திகளில் எஸ்எஸ்டி கழலுமா, ஸ்லாட் எத்தனை, ரேம் கழலுமா என்ற மூன்று விவரங்களை அச்சிடும்படி தங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்